கூகுள் மேப்பில் ஆறு தெரிகிறது... இறங்கித் தங்கம் அரிக்கலாமா?

பொங்கல் லீவுக்குக் கம்மாபுரம் போயிருந்தேன். சித்தி பையன் போனை நீட்டி, "அக்கா, இதைப் பாரேன்" என்றான். ஆஸ்திரேலியாவில் யாரோ ஒருவர் ஓடைக்கரையில் உட்கார்ந்து, பச்சை நிற பிளாஸ்டிக் தட்டில் மண்ணைப் போட்டுச் சுழற்றுகிறார். கடைசியில் தட்டின் ஓரத்தில் நான்கைந்து மஞ்சள் பொட்டு. பின்னணியில் உற்சாகமான மியூசிக். அதே மாதிரி ஒரு தட்டை ஆன்லைனில் ஆர்டர் செய்து வாங்கியே விட்டான் தம்பி. மேப்பில் மணிமுத்தாறு எங்கெங்கே வளைகிறது என்று பார்த்து, நான்கு இடத்தில் பின் போட்டும் வைத்திருந்தான்.

"நாளைக்குக் காலையில போறேன். ஆத்து மண்ணுதானே, யாரு கேப்பா?"

இந்தக் கேள்விக்கு எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. ஆனால், அவன் போலீஸ் எஸ்.ஐ தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான் என்பது தெரியும். தேர்வில் பாஸ் ஆனாலும், பின்னணி விசாரணையில் பெயரில் ஒரு எஃப்.ஐ.ஆர் இருந்தால் என்ன ஆகும் என்பது அவனுக்கே தெரியும். அதனால், "ரெண்டு நாள் பொறு" என்று சொல்லிவிட்டுத் தேட ஆரம்பித்தேன். தேடியதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். ஏனென்றால், அந்த ரீல்ஸ் உங்கள் போனுக்கும் வந்திருக்கும்.

முதலில், அங்கே தங்கம் இருக்கிறதா?

தங்கம் ஆற்றில் பிறப்பதில்லை. மலையில், பெரும்பாலும் மிகப் பழைய பாறைகளுக்கு நடுவே ஓடும் வெள்ளைப் படிகக்கல் நரம்புகளில் இருக்கும். மழையும் வெயிலும் அந்தப் பாறையை அரிக்க, தூளான தங்கம் ஓடையில் இறங்குகிறது. தங்கத்தின் அடர்த்தி 19.3. சாதாரண மணலுக்கு 2.65 சொச்சம். ஏழு மடங்கு கனம் என்பதால், தண்ணீரின் வேகம் குறையும் இடத்தில் தங்கம் முதலில் கீழே உட்கார்ந்துவிடும். ஆற்று வளைவின் உள்பக்கம், பெரிய பாறைக்குப் பின்பக்கம், அடிப்பாறையின் வெடிப்பு. வீடியோவில் வருகிறவர்கள் இந்த இடங்களைத்தான் மேப்பில் தேடுகிறார்கள். தம்பி வளைவுகளில் பின் போட்டதும் அந்த வகையில் சரிதான். தப்பு எங்கே என்றால், ஆற்றுக்கு மேலே தங்கப்பாறை இருக்கிறதா என்று அவன் பார்க்கவில்லை.

அதைப் பார்க்கவும் மேப் இருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வு மையம் ‘பூகோஷ்’ என்ற இணையதளத்தில் நாடு முழுவதற்குமான பாறை வரைபடங்களைப் போட்டு வைத்திருக்கிறது. பதிவு செய்துகொண்டால் இலவசமாகவே பார்க்கலாம். நெய்வேலிப் பக்கம் ஜூம் செய்தால், பெரும்பாலும் ‘கடலூர் மணற்கல்’ என்ற படிவுப் பாறையும் அதன்மேல் ஆற்று வண்டலும்தான். இந்த மண்ணுக்கு அடியில் இருக்கிற செல்வம் கறுப்பு நிறம். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது, தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரிக் கதையின் ஆரம்பம். 1956-ல் நெய்வேலி நிறுவனம் தொடங்கி, 1961-ல் நிலக்கரிப் படுகை கண்ணுக்குத் தெரிந்தது. தங்கத்துக்கு இந்த வரைபடம் எந்த ஆசையும் காட்டவில்லை.

"அப்ப மண்ணுல மின்னுதே, அது என்ன?" என்று கேட்டான். அதற்கு நம் ஊரிலேயே பெயர் இருக்கிறது. காக்காப்பொன். மைக்கா என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். வெயில் படும்போது பளபளக்கும், நிழலில் காட்டினால் மங்கிவிடும், ஊசியால் குத்தினால் ஏடு ஏடாக உடையும். தங்கம் நிழலிலும் அதே மஞ்சளாக இருக்கும், குத்தினால் நசுங்கும், உடையாது. தட்டில் தண்ணீர் விட்டு ஆட்டினால் காக்காப்பொன் மிதந்து ஓடும், தங்கம் நகராது. ஊசி டெஸ்ட்டுக்குச் செலவு எதுவும் கிடையாது.

தமிழ்நாட்டில் தங்கம் அரித்த கதை உண்மையாகவே நடந்த இடம் நீலகிரியில் இருக்கிறது. கூடலூர் தாண்டி தேவாலா, பந்தலூர். பழங்குடி மக்கள் அங்கே ஓடைகளில் தங்கம் அரித்ததை வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். 1879-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து பிரஃப் ஸ்மித் என்ற சுரங்க நிபுணரை அரசாங்கம் வரவழைத்து ஆய்வு செய்யச் சொன்னது. அவர் நம்பிக்கையாக ஓர் அறிக்கை கொடுத்ததும், லண்டன் பங்குச்சந்தையில் டஜன் கணக்கில் கம்பெனிகள் முளைத்தன. நொடித்துப்போன காபித் தோட்டங்கள்கூட ‘தங்க நிலம்’ என்று பெரிய விலைக்குக் கைமாறின. நான்கைந்து வருடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. பாறையை உடைத்து எடுத்த தங்கம், உடைத்த செலவுக்கே கட்டவில்லை. சுரங்கத் துளைகள் மட்டும் இன்னும் மலையில் இருக்கின்றன. மேப்பில் ‘தங்கம் உண்டு’ என்று போட்டிருப்பதும், அது கைக்குக் கிடைப்பதும் வேறு வேறு என்பதை லண்டன்காரர்கள் நிறைய பணம் கட்டித் தெரிந்துகொண்டார்கள்.

மேப் சொல்லாத இன்னொரு விஷயம்

சரி, தங்கம் இருக்கிற இடமாகவே வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி, அந்த இடம் யாருடையது?

கூகுள் மேப்பில் ஆறு நீலமாக, வயல் பச்சையாகத் தெரியும். சாட்டிலைட் படத்துக்குப் பட்டா தெரியாது. அதற்கு வருவாய்த்துறைப் பதிவுகளுக்குத்தான் போக வேண்டும். நல்லவேளையாக, இதற்கு விஏஓ ஆபீஸ் வாசலில் நிற்கத் தேவையில்லை. தமிழக அரசின் இ-சேவை நில ஆவணத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் பட்டா-சிட்டா வரும். சர்வே எண் தெரியாதே என்றால், அரசின் ‘தமிழ்நிலம்’ புவித்தகவல் வரைபடத்தில் நீங்கள் நிற்கும் இடத்தைத் தொட்டால் எண்ணைக் காட்டும். அந்த எண்ணை வைத்து ‘அ’ பதிவேட்டைத் திறந்து பாருங்கள். நில ஆவணங்களிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது இந்தப் பதிவேடுதான். ரயத்துவாரியா, சர்க்கார் புறம்போக்கா, நஞ்சையா புஞ்சையா, புறம்போக்கு என்றால் ஆறா, வாய்க்காலா, ஏரியா, மேய்க்காலா, சுடுகாடா... ஒரே வரியில் ஒரு நிலத்தின் ஜாதகமே இருக்கும்.

‘புறம்போக்கு’ என்ற வார்த்தையில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். ‘யாருக்கும் சொந்தமில்லாத இடம்’ என்று பேச்சுவழக்கில் அர்த்தம் வந்துவிட்டது. பதிவேட்டில் அதற்கு அர்த்தம், தீர்வை விதிக்காமல் பொதுப் பயன்பாட்டுக்காக ஒதுக்கிய அரசு நிலம். ஆட்டை மேய்க்கலாம், குளிக்கலாம், குறுக்கே நடந்து போகலாம். மண்ணை எடுக்கலாம் என்று எங்கேயும் எழுதவில்லை.

அளவு விஷயத்திலும் கவனம். புலப்படம் என்கிற எஃப்.எம்.பி-யில் ஒவ்வொரு வரப்பின் நீளமும் மீட்டரில் இருக்கும். உங்கள் போன் ஜிபிஎஸ் திறந்தவெளியிலேயே சுமார் 5 மீட்டர் தள்ளிக் காட்டலாம். மரத்தடியில் இன்னும் மோசம். நீலப் புள்ளி ஆற்றுக்குள் நிற்கிறது என்பதற்காக நீங்கள் ஆற்றுக்குள்தான் நிற்கிறீர்கள் என்று அர்த்தமில்லை, பக்கத்துப் பட்டாக்காரர் முந்திரித் தோப்பிலும் நிற்கலாம். சர்வே கல்தான் கடைசி வார்த்தை. அதுவும் பல இடங்களில் வேலிக்குள் போய்விட்டது என்பது வேறு விஷயம்.

கண்ணுக்குத் தெரிவதும் பதிவேடும் எவ்வளவு தூரம் பிரிந்து நிற்க முடியும் என்பதை எங்கள் பக்கத்து ஆட்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2023 ஜூலை மாதம் சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில், கதிர் வர இருந்த நெல்வயலுக்குள் பொக்லைன் இறங்கிய வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக. சாட்டிலைட்டில் பார்த்தால் அது பச்சை வயல். பதிவேட்டில், பல வருடங்களுக்கு முன்பே சுரங்கத்துக்காகக் கையகப்படுத்திய நிலம். நிலம் எங்களுடையது என்றது நிறுவனம். இழப்பீடும் வேலையும் சரியாக வரவில்லை, அதனால்தான் உழுதோம் என்றார்கள் விவசாயிகள். கடைசியில், அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது உயர் நீதிமன்றம். அதனால் கம்மாபுரம் வட்டாரத்தில் சும்மா கிடப்பதுபோலத் தெரியும் ஒரு நிலத்தைப் பார்த்தால், ‘யாருமில்லை’ என்று நினைக்காதீர்கள். சுரங்க எல்லைக்குள் என்றால் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை நிற்கும். அங்கே தட்டோடு போய் ‘ஹாபி’ என்று விளக்கம் சொல்வது கஷ்டம்.

ஓனரே ‘ஓகே’ சொல்லிவிட்டால்?

இது தம்பியின் அடுத்த அஸ்திரம். "மாமா நிலத்துல தோண்டினா?"

நிலத்துக்குக் கீழே இருப்பது யாருக்குச் சொந்தம் என்பதில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது. கேரளாவின் மலபார் பகுதி நில உரிமையாளர்கள் தொடுத்த வழக்கு அது. தனியாகச் சட்டம் போட்டு எடுத்துக்கொள்ளாத வரை, அடிமண்ணில் இருக்கிற கனிமமும் நில உரிமையாளருக்கே என்பது தீர்ப்பின் சாரம். உடனே கடப்பாரையைத் தூக்காதீர்கள். கனிமம் உங்களுடையதாகவே இருந்தாலும், அதைத் தோண்ட உரிமம் வேண்டும். உங்கள் காராக இருந்தாலும் ஓட்ட லைசென்ஸ் வேண்டும் இல்லையா, அந்த மாதிரி.

அந்த லைசென்ஸைச் சொல்வது 1957-ம் வருடத்துச் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம். அதன் 4-வது பிரிவு, உரிமம் இல்லாமல் யாரும் கனிமம் தேடவோ தோண்டவோ கூடாது என்கிறது. ‘தேடுவது’ என்றால் என்ன என்பதற்கும் விளக்கம் இருக்கிறது. கனிமம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் செய்யும் எந்த வேலையும் அதில் வரும். நம்ம பச்சைத் தட்டு அதற்குள் அழகாக உட்காருகிறது. மீறினால் 5 ஆண்டு வரை சிறை, ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். பொழுதுபோக்குக்காக, இத்தனை கிராம் வரை, கையால் மட்டும் என்றெல்லாம் விலக்கு எதுவும் இந்தச் சட்டத்தில் கொடுக்கவில்லை.

சரி, உரிமம் வாங்கிவிடலாமே? 2015-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு ஏலம்தான். 2023-ல் தங்கம் உள்ளிட்ட 29 கனிமங்களுக்கு ‘ஆய்வு உரிமம்’ என்று புதிதாக ஒன்று வந்தது. ஓர் உரிமத்துக்கு 1,000 சதுர கிலோமீட்டர் வரை! முழங்கால் தண்ணீரில் நின்று ஒரு மணி நேரம் அரிக்க ஆசைப்படுகிறவருக்கு இதில் எந்தக் கவுன்டரும் இல்லை.

ஆற்றில் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. தங்கம் கிடைக்கிறதோ இல்லையோ, நீங்கள் அள்ளுவது மணல். ஆற்றிலிருந்து அனுமதி இல்லாமல் மணல் எடுத்தால், கனிமச் சட்டத்தோடு சேர்த்துத் திருட்டு வழக்கும் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014-லேயே சொல்லிவிட்டது. மணல் கடத்தல் நம் மாவட்டங்களில் எவ்வளவு சூடான விஷயம் என்று உங்களுக்கே தெரியும். அதிகாலையில் ஆற்றுக்குள் வாளியும் மண்வெட்டியுமாக நிற்கும் இளைஞனைப் பார்த்து, ‘பாவம், யூடியூப் பார்த்து வந்திருக்கான்’ என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

அப்புறம் எப்படி ஆஸ்திரேலியாக்காரர் ஜாலியாக அரிக்கிறார்? அவர் பாக்கெட்டில் ‘மைனர்ஸ் ரைட்’ என்று ஒரு சீட்டு இருக்கிறது. விக்டோரியா மாகாணத்தில் யார் வேண்டுமானாலும் சிறு கட்டணம் கட்டி வாங்கலாம், 10 வருடம் செல்லும். இதற்குப் பின்னால் ரத்தக்கறை இருக்கிறது. மாதாமாதம் கட்ட வேண்டிய உரிமக் கட்டணத்தை எதிர்த்து 1854-ல் பல்லாரட் நகரில் தங்கம் தோண்டியவர்கள் ‘யுரேகா’ கிளர்ச்சி செய்தார்கள். உயிர்கள் போயின. அடுத்த வருடமே இந்தச் சீட்டு வந்தது. அந்தச் சீட்டு இருந்தாலும் கைக்கருவிகள் மட்டும்தான், தனியார் நிலம் என்றால் உரிமையாளரிடம் கேட்க வேண்டும், தேசியப் பூங்காக்களில் பெரும்பாலும் கூடாது. இதெல்லாம் 30 செகண்ட் ரீல்ஸில் வராது. தேவாலாவுக்கு வந்த பிரஃப் ஸ்மித், இதே விக்டோரியாவில் சுரங்கத்துறைச் செயலாளராக இருந்தவர். ஆளை வரவழைத்த அரசாங்கம் அந்தச் சீட்டை மட்டும் வரவழைக்கவில்லை!

கூடலூரில் நிலத்தைத் தொட்டால்...

"சரி, அப்ப தேவாலா போய்ச் சும்மா பார்த்துட்டு வரேன்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நில உரிமை என்ற விஷயத்தில் இந்தியாவிலேயே அதிகமாகக் கோர்ட் ஏறிய மண்களில் கூடலூரும் ஒன்று. நிலம்பூர் கோவிலகத்தின் ஜன்மம் நிலங்களை அரசு எடுத்துக்கொள்ள 1969-ல் ஒரு சட்டம் வந்தது. அதை எதிர்த்த வழக்கு வளர்ந்து வளர்ந்து, 2007 ஜனவரியில் 9 நீதிபதிகள் அமர்வு வரை போனது. சட்டக் கல்லூரி மாணவர்கள் மனப்பாடம் செய்யும் ஐ.ஆர்.கோயல்ஹோ வழக்கு அதுதான். இன்னொன்று, நாட்டின் வனச் சட்டத்தையே திருப்பிப் போட்ட கோதவர்மன் வழக்கு. அதுவும் கூடலூர்க் காட்டில் மரம் வெட்டியதிலிருந்து கிளம்பியதுதான். 1996 டிசம்பரில் அந்த வழக்கில் கோர்ட் சொன்னது இது: பதிவேட்டில் என்ன பெயர் இருந்தாலும், யார் சொந்தக்காரர் என்றாலும், அகராதி அர்த்தப்படி காடு என்றால் அது காடு.

அதாவது, மேப்பில் பச்சை நிற எல்லைக்கோட்டுக்கு வெளியே இருப்பதாலேயே ஓர் இடம் காடு இல்லை என்று முடிவுக்கு வர முடியாது. காப்புக்காடு என்றால் அனுமதியில்லாமல் உள்ளே நுழைவதே குற்றம். பக்கத்தில் முதுமலைப் புலிகள் காப்பகம். யானைகளுக்கு எல்லைக்கோடு தெரியாது. பழைய பிரிட்டிஷ் சுரங்கத் துளைகள் இன்னொரு ஆபத்து. நூறு வருடத்துக்கு மேல் பராமரிப்பு இல்லாத குகைக்குள் கூரை எப்போது விழும், உள்ளே சுவாசிக்கக் காற்று இருக்குமா என்று எந்த மேப்பும் சொல்லாது. ரோட்டில் நின்று, மலையைப் பார்த்து, டீ குடித்துவிட்டுத் திரும்புங்கள்.

மெட்டல் டிடெக்டர் வாங்கும் யோசனையில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல். மண்ணில் யாரோ புதைத்த நாணயமோ நகையோ கிடைத்தால், 1878-ம் வருடத்துப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் போனாலே கலெக்டருக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை. 10 ரூபாய்க்கு இன்று டீகூட வராத கடைகள் இருக்கின்றன, சட்டத்தில் தொகை மாறவில்லை.

ஆசை அடங்கவில்லை என்றால்...

மேப் பார்க்கத் தடை இல்லை. உண்மையில் இந்த ஹாபியில் பாதி சுவாரசியம் மேப்தான். இந்திய சர்வே துறையின் 1:50,000 அளவு வரைபடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் உயரக்கோடுகள் நெருங்கி வந்து திடீரென்று விரியும் இடத்தைத் தேடுங்கள். ஓடை வேகம் குறைந்து, கனமான மண் தங்குவது அங்கேதான். பூகோஷ் பாறை வரைபடத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், உங்கள் ஊர் ஆறு எந்தப் பாறையைச் சுமந்து வருகிறது என்று தெரியும். தம்பி இதில் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்தான். வெள்ளாறு எங்கிருந்து வருகிறது என்று அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

நேரில் பார்க்க வேண்டும் என்றால், விழுப்புரம் மாவட்டம் திருவக்கரை கல்மரப் பூங்காவுக்குப் போங்கள். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. நெய்வேலிச் சுரங்கத்தின் மேல்மண்ணாக இருக்கிற அதே கடலூர் மணற்கல்லில்தான் அவையும் கிடைத்தன. புவியியல் ஆய்வு மையத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. போட்டோ மட்டும், சின்னத் துண்டுகூடப் பாக்கெட்டுக்குள் போகக் கூடாது.

அரிக்கும் கலையை வீட்டிலேயே பழகலாம். கடையில் வாங்கிய மணல் ஒரு தட்டு, மீன்பிடிக்கிற ஈயக் குண்டுகள் பத்து, ஒரு டப் தண்ணீர். ஈயத்தின் அடர்த்தி 11.3, மணலைவிட நான்கு மடங்கு. பத்தையும் தொலைக்காமல் மணலை மட்டும் கழுவி வெளியேற்ற முடிந்தால் கை பழகிவிட்டது என்று அர்த்தம். முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஈயம் நல்லதில்லை. நாளைக்கு மெல்போர்னில் படிக்கவோ வேலைக்கோ போனால், பத்து வருடச் சீட்டை வாங்கிக்கொண்டு நேராக இறங்கலாம்.

தம்பி மொட்டைமாடியில் முயற்சி செய்தான். முதல் தடவை பத்துக் குண்டில் மூன்று மிச்சம். சித்தி கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "இப்படியாடா அரிப்பாங்க?" என்று தட்டைப் பிடுங்கினார். ரேஷன் அரிசியில் முப்பது வருடமாகக் கல் அரித்த கை. லேசாகச் சாய்த்து, ஒரு உலுக்கு, ஒரு சுற்று. மணல் போய்விட்டது, பத்துக் குண்டும் தட்டிலேயே நின்றன.

மணிமுத்தாற்றில் போட்ட நான்கு பின்களையும் அன்று சாயங்காலம் அவனே அழித்துவிட்டான்.